மலையுச்சி அளவைக் குறிகள்: ஜிபிஎஸ் காட்டும் இடத்தில் குறி இல்லையென்றால் எங்கே தேடுவது?

மேட்டுவழி:

அனைவருக்கும் வணக்கம். ஜிபிஎஸ் கொண்டு மறைத்துவைத்த பெட்டிகளைத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில் ஈடுபட்டிருந்த நான், சில காலமாக மலையுச்சிகளில் நில அளவையாளர்கள் விட்டுச்சென்ற பழைய குறிகளைத் தேடத் தொடங்கியிருக்கிறேன். பெட்டியை ஒருவர் நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே வைக்கிறார். இந்தக் குறிகளை வைத்தவர்களுக்கோ நம்மைப் பற்றிய நினைப்பே இருந்திருக்காது. அதுவே என்னை ஈர்க்கிறது.

என் சிக்கல் இதுதான். ஒரு முக்கோண அளவை நிலையத்தின், அதாவது அளவையாளர்கள் மற்ற குன்றுகளை நோக்கிக் கோணங்களை அளந்த புள்ளியின், அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கைபேசியில் இட்டுக்கொண்டு மேலே ஏறினால், அது பல சமயங்களில் உச்சியை விட்டுவிட்டுச் சரிவில் உள்ள ஏதோ ஒரு புதரைக் காட்டுகிறது. பிழை ஐந்து மீட்டருக்குள்தான் என்றும் கைபேசி சொல்கிறது. ஆனால் புதரைச் சுற்றிலும் ஒன்றும் இல்லை. அண்மையில் ஏறிய குன்றில், உச்சிப் பாறையில் சிமெண்டு வைத்துப் பதித்த வெண்கல வட்டத் தட்டு ஒன்று கிடைத்தது. அதில் நான் எதிர்பார்த்த முக்கோணம் இல்லை. ஓர் அம்புக்குறி, நிலையத்தின் பெயர், 2 என்ற எண், ஓர் ஆண்டு ஆகியவை மட்டும் இருந்தன. இதையே நிலையமாகக் கொள்ளலாமா? அல்லது முதன்மைக் குறி அழிந்துவிட்டது என்று பதிவிட வேண்டுமா? உலோகம் கண்டறியும் கருவி வாங்கினால் பயன் உண்டா என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

கோணமானி:

நீங்கள் கண்டது நிலையம் அன்று, அதன் துணைக்குறி. அமெரிக்காவின் கோஸ்ட் அண்ட் ஜியோடெடிக் சர்வே பதித்த தட்டுகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்: நிலையத் தட்டின் நடுவில் முக்கோணம் இருக்கும், துணைக்குறித் தட்டில் அம்பு இருக்கும், அந்த அம்பு நிலையம் உள்ள திசையைக் காட்டும்படி பதிக்கப்பட்டிருக்கும். நிலையத் தட்டை யாரேனும் பெயர்த்தெடுத்துவிட்டாலும் அதன் இடத்தை மீட்டுவிட வேண்டும் என்பதற்காகவே பொதுவாக இரண்டு துணைக்குறிகளையாவது அருகில் வைத்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது தோல்வி அன்று, வழிகாட்டி. அம்பு காட்டும் திசையில், ஆவணத்தில் எழுதப்பட்ட தொலைவை டேப்பால் அளந்து சென்று பாருங்கள்.

இனி, கைபேசி ஏன் புதரைக் காட்டுகிறது என்பதற்கு வருகிறேன். கைபேசி பொய் சொல்லவில்லை; நீங்கள் கொடுத்த எண்கள் இருக்கும் இடத்துக்கு அது சரியாகவே உங்களைக் கொண்டுசேர்க்கிறது. ஆனால் அந்த எண்கள் எந்த டேட்டத்தில், அதாவது பூமியின் வடிவத்தைக் கொண்டு இருப்பிடங்களைக் கணக்கிடும் எந்த அடிப்படை அமைப்பில், எழுதப்பட்டவை என்பதைப் பார்த்தீர்களா? ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய ஆவணங்கள் அந்தந்த நாட்டின் பழைய டேட்டத்தில் இருக்கும்: அமெரிக்காவில் 1927-ஆம் ஆண்டினது, பிரிட்டனில் 1936-ஆம் ஆண்டினது, இந்தியாவில் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பூமி வடிவ மாதிரியை அடிப்படையாகக் கொண்டது. ஒரே பாறைக்கு இரண்டு டேட்டங்களில் இரண்டு வேறு எண்கள் கிடைக்கும். பிரிட்டனில் இந்த வேறுபாடு நூறு மீட்டரைக்கூடத் தாண்டும். ஒவ்வொரு குன்றிலும் ஏறத்தாழ ஒரே திசையில், ஒரே அளவில் விலகல் வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

விலகல் ஒழுங்கற்று வருமானால் வேறு ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். முக்கோண அளவை நிலையத்தின் இருப்பிடம் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. உயரத்துக்காக மட்டும் வைக்கப்பட்ட பெஞ்ச்மார்க் அப்படி அன்று. அதை வைத்தவர்களுக்கு உயரம் மில்லிமீட்டர் அளவில் தேவைப்பட்டது, இருப்பிடத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. எனவே பலவற்றின் இருப்பிடத்தை வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் படித்து எழுதினார்கள். அமெரிக்க ஆவணங்களில் இத்தகைய எண்களுக்கு ஆறு விநாடி வரை பிழை இருக்கலாம் என்றே குறிப்பிட்டிருப்பார்கள். இங்கே விநாடி என்பது நேரம் அன்று, ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு; அட்சரேகையில் அது ஏறக்குறைய 31 மீட்டர். ஆறு விநாடி என்றால் 180 மீட்டருக்கு மேல்; ஒரு குன்றின் உச்சி முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

அதனால் எண்களைக் குன்றின் அடிவாரம் வரை வருவதற்கு மட்டும் நம்புங்கள். உச்சியை அடைந்த பின் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, அளவையாளர் எழுதிவைத்த விவரணையை எடுத்துப் படியுங்கள். உச்சிப் பாறையின் எந்த விளிம்பு, அங்கிருந்து எத்தனை அடி, தட்டு தரைக்கு மேலா கீழா, எதில் பதிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் கண்டவரை, இந்தப் பொழுதுபோக்கில் தேர்ந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வேறுபாடு கருவியில் இல்லை, அந்த அரைப்பக்க விவரணையை எத்தனை பொறுமையாகப் படிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அளக்கும்போது சில எச்சரிக்கைகள். சரிவில் டேப்பைத் தரையோடு படியவிட்டால் தொலைவு தவறும், கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். திசைகாட்டி காந்த வடக்கைக் காட்டுகிறது, ஆவணமோ பெரும்பாலும் உண்மை வடக்கைக் கொண்டு எழுதப்பட்டது. இடையிலுள்ள விலக்கத்தைச் சரிசெய்யாமல் நடந்தால் முப்பது மீட்டரில்கூடக் குறியைத் தவறவிடலாம். மேலும், பழைய அமெரிக்கப் பதிவுகளில் திசைக்கோணத்தை வடக்கிலிருந்து எண்ணாமல் தெற்கிலிருந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இதை அறியாதவர் குன்றின் நேர் எதிர்ப்பக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

செம்பாறை:

கருவி பற்றி மட்டும் சொல்கிறேன். நில அளவையாளர்கள் பயன்படுத்தும் காந்தவகைக் கருவி இரும்பை மட்டுமே உணரும். வெண்கலத் தட்டின் மேல் அதை நாள் முழுதும் ஆட்டினாலும் ஒலி எழாது. நாணயம் தேடுவோர் பயன்படுத்தும் வகை வெண்கலத்தையும் செம்பையும் உணரும். ஆனால் குறி என்பது எப்போதும் உலோகமாக இருப்பதில்லை. பாறையில் துளைத்த ஒரு துளை, உளியால் வெட்டிய சிலுவை, முக்கோணம், வட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் என்று பல உண்டு. இவற்றுக்கு ஏற்ற கருவி மாலைச் சூரியன்தான். ஒளி பக்கவாட்டில் விழும்போது ஆழமற்ற வெட்டுகளின் ஓரத்தில் நிழல் கட்டும். நண்பகலில் அதே பாறை வழவழப்பாகத் தெரியும். பாசி படர்ந்திருந்தால் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் போதும். கம்பித் துடைப்பமும் சுண்ணமும் பெயிண்டும் வேண்டவே வேண்டாம்.

மேட்டுவழி:

இருவருக்கும் நன்றி. அந்த நிலையத்தின் விவரணையை இப்போது முழுமையாகப் படித்தேன். குறி என்பது பாறையில் துளைத்த துளை என்றும், அதைச் சுற்றி முக்கோணம் வெட்டப்பட்டது என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் அம்பு காட்டும் இடத்தில் மலையேறுவோர் அடுக்கிய பெரிய கற்குவியல் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மீண்டும் அடுக்கிவைக்கலாமா? இன்னொரு ஐயமும் உண்டு: அந்த இடம் குன்றின் மிக உயரமான இடமும் அன்று. அம்பையே தவறாகப் பதித்திருப்பார்களோ?

தொடுவானம்:

அம்பின் மீது ஐயம் வேண்டாம். முக்கோண அளவைக்குத் தேவைப்பட்டது உயரமே அன்று, பார்வைக்கோடு. அடுத்தடுத்த நிலையங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவி அசையாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்த இடம் உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்தால் அங்கேயே குறியை வெட்டினார்கள். இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே, மற்ற தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையான ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கி, பின்னர் தெற்கே வந்தபோது காவிரிச் சமவெளியில் குன்றே இல்லாததால் கோயில் கோபுரங்களை நிலையங்களாக்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது அந்த அரை டன் எடையுள்ள தியோடலைட் சுவரில் மோதிச் சேதமடைந்தது. பார்வைக்கோட்டுக்காக அவர்கள் பட்ட பாடு அவ்வளவு. நீங்களும் அந்தக் கற்குவியலின் அருகில் நின்று சுற்றிலும் பாருங்கள். அயல் குன்றுகள் உயரமான பாறையிலிருந்து தெரிவதைவிட அங்கிருந்து நன்றாகத் தெரியக்கூடும்.

கற்குவியலைப் பிரிப்பதை நான் ஏற்கமாட்டேன். சில இடங்களில் அந்தக் குவியலே அளவையாளர்கள் அடையாளத்துக்காகக் கட்டியதாக இருக்கும். நார்வேயிலிருந்து கருங்கடல் வரை நீளும் பழைய முக்கோண அளவைத் தொடரான ஸ்த்ரூவே வில்லின் 34 புள்ளிகளை யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, பாறைத் துளைகளோடும் இரும்புச் சிலுவைகளோடும் கற்குவியல்களையும் குறிகளாகவே கணக்கில் சேர்த்தது. உங்கள் குவியல் எந்த வகை என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தோண்டுவதும் அவ்வாறே. அடியில் இன்னொரு குறி புதைக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் வழக்கம். மேற்குறி பெயர்ந்தாலும் அது நிற்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாட்டை நாம் ஆர்வக்கோளாறால் குலைக்கக் கூடாது. அமெரிக்கத் தட்டுகள் பலவற்றில் குறியைக் குலைப்போருக்கு 250 டாலர் அபராதம் என்று பொறித்தே வைத்தார்கள்.

பதிவைப் பொறுத்தவரை, "அழிந்தது" என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்தாதீர்கள். அமெரிக்காவின் நேஷனல் ஜியோடெடிக் சர்வே பொதுமக்களின் அறிக்கைகளையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு குறி அழிந்ததாக அறிவிக்கப் பெயர்ந்த தட்டின் படம் போன்ற சான்று கேட்கும். சான்று இல்லாதவை எல்லாம் "கிடைக்கவில்லை" என்றே நிற்கும். அந்த முறை நியாயமானது. ஜியோகேச்சிங் டாட் காம் தன் பெஞ்ச்மார்க் பகுதியை 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டதால், இனி நம் பதிவுகள் உண்மையாகவே பயன்பட வேண்டுமானால் அளவைத் துறைகளுக்கு நேரடியாக அனுப்புவதே நல்லது.

உங்கள் குன்றுக்கு நான் இப்படி எழுதுவேன்: இரண்டாம் துணைக்குறி நல்ல நிலையில் உள்ளது, அம்பின் திசையிலும் ஆவணத் தொலைவிலும் கற்குவியல் உள்ளது, நிலையக் குறியைப் பார்க்க இயலவில்லை. தட்டின் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமும், தட்டிலிருந்து அம்பு நோக்கும் திசையில் கற்குவியல் வரை தெரியும்படி இன்னொரு படமும் சேருங்கள். முதலாம் துணைக்குறியையும் தேடிப் பாருங்கள். இரண்டு தொலைவுகளும் அந்தக் குவியலின் ஒரே இடத்தில் சந்திக்கின்றனவா என்பதை ஒரு கல்லையும் அசைக்காமல் டேப் சொல்லிவிடும்.