பழைய பேப்பரில் சாம்பலாகிப்போன வெள்ளைச் சேலை

செங்கோட்டையிலிருந்து:
ஆச்சியின் பதினாறாம் நாளுக்குப் பெரிய படம் வேண்டும் என்று மாமா கேட்டார். நெகட்டிவ் என்னிடம் இருந்தது, இருட்டறையில் நானே பிரிண்ட் போடப் புது போட்டோ பேப்பர் வாங்கப் பணம்தான் இல்லை. புனலூரில் மூடிக்கிடந்த ஒரு ஸ்டூடியோவிலிருந்து 8×10 அங்குலத்தில் 100 தாள் கொண்ட, உறை பிரிக்காத பழைய புரோமைடு (கறுப்பு வெள்ளை போட்டோ) பேப்பர் பாக்கெட்டைப் புது விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கிவந்தேன். தாளில் படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசல் தட்டில் முகம் மெல்ல எழுந்துவந்தபோது மனம் நிறைந்தது. ஒன்றரை நிமிடம் கடந்ததும் சேலை மங்கத் தொடங்கியது. தாளைப் பிடிக்கும் சட்டத்தின் பட்டை மறைத்திருந்த, நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரின் வெளிச்சம் துளியும் படாத ஓரமும் அதே சாம்பல் நிறத்துக்கு வந்து, சேலை எது, ஓரம் எது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. வேறு வழியின்றி அதையே கொடுத்தேன். மாமா வெகுநேரம் பார்த்துவிட்டு, “மருமவனே, ஆச்சி சேலை வெள்ளைதான?” என்று மட்டும் கேட்டார்.

சித்தூரிலிருந்து (ஆந்திரம்):
பேப்பரின் மேல் பழி போடுவதற்கு முன் உங்கள் இருட்டறைச் சிவப்பு விளக்கைச் சோதித்தீர்களா? ஜீரோ வாட் பல்பில் சிவப்புத் தாள் சுற்றி நானும் ஓராண்டு ஏமாந்தேன். ஒரு நாள் பேப்பரின் மேல் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, அந்த வெளிச்சத்திலேயே 5 நிமிடம் விட்டுவிட்டு டெவலப் செய்தபோது, நாணயம் இருந்த இடம் மட்டும் வெள்ளை வட்டமாக நின்றது. பழைய ஸ்டூடியோக்களின் மஞ்சள் விளக்கும் ஒரே தாளில் கறுப்பு வெள்ளை அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற இப்போதைய மல்டிகிரேடு பேப்பருக்கு ஆகாது. அது நீல ஒளியோடு பச்சை ஒளியையும் உணரும்.

கொல்லங்கோட்டிலிருந்து:
சித்தூர் நண்பர் சொல்லும் நாணயச் சோதனை அரைச் சோதனைதான். தாளை முதலில் என்லார்ஜரில் இளஞ்சாம்பல் வருமளவுக்கு லேசாக ஒளி காட்டிவிட்டு நாணயத்தை வைத்தால்தான் விளக்கின் சிறு கசிவும் பிடிபடும். செங்கோட்டை நண்பருக்கு அதைவிட எளிய வழி உண்டு. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நேரே ஹைப்போவிலும் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), மற்றதை டெவலப்பரில் முழு நேரம் வைத்துப் பிறகு ஹைப்போவிலும் போடுங்கள். வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது மங்கியிருக்குமானால் பேப்பரே முதுமையடைந்துவிட்டது என்று பொருள். லேசான மங்கலை டெவலப்பரில் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துக் குறைக்கலாம், ஆனால் பேப்பர் ஒளியை உணரும் வேகமும் குறையும்.

என் அனுபவம் சிறியதுதான்: ஊட்டியில் இருந்த ஃபிலிம் ஆலையின் ‘இந்து’ போட்டோ பேப்பர் ஒரு பாக்கெட்டைப் பாசத்தால் பல வருடம் வைத்திருந்து வீணாக்கினேன். இப்போது சிக்கனம் என்று நான் கருதுவது வேறு. செக் நாட்டின் ஃபோமா பேப்பரை விலை பார்த்து வாங்குகிறேன். மல்டிகிரேடு என்பதால் அழுத்தத்துக்கு ஏற்ப 2, 3, 4 என்ற கிரேடுகளில் தனித்தனிப் பாக்கெட் தேவையில்லை, என்லார்ஜரில் வண்ண ஃபில்டரை மாற்றினால் போதும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்சி பேப்பரை 2 நிமிடம் ஓடும் நீரில் அலசினால் முடிந்தது. அந்தப் பூச்சில்லாத ஃபைபர் பேப்பருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். மேட மாதத்தில் (சித்திரையில்) கிணறு அடிமட்டத்துக்குப் போகும் எங்கள் ஊரில் அந்த நீரும் பேப்பர் விலையில் சேர்ந்ததுதான். எவ்வளவு நேரம் ஒளி காட்டுவது என்று பார்க்கும் சோதனைத் துண்டுக்கு ஒருபோதும் முழுத் தாளை எடுக்காதீர்கள்.

செங்கோட்டையிலிருந்து:
நேற்றிரவு முழு இருட்டில் இரண்டு துண்டையும் போட்டுப் பார்த்தேன். ஹைப்போவில் நேரே போட்டது பால் வெள்ளை. டெவலப்பரில் போட்டது அடுப்புச் சாம்பல். என் விளக்கும் குற்றமற்றது என்று சித்தூர் நண்பரிடம் சாதிக்க மாட்டேன், அதையும் இந்த வாரம் பார்க்கிறேன். 25 தாள் உள்ள புதுப் பாக்கெட் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஆச்சியின் வருஷத் திதிக்கு முன் படத்தை மாற்றிக் கொடுத்துவிடுவேன்.