புதுப்பிப்பு: பிங் போகிறது, பேக்நெட் தேடலில் கண்ட்ரோலர் வரவில்லை (தீர்ந்தது)

சத்துவாச்சாரி கட்டடத்தில் மூன்றாம் மாடி ஏஹெச்யூ (குளிர்காற்று அனுப்பும் இயந்திரம்) கண்ட்ரோலர்கள் பிங்குக்குப் (இருக்கிறாயா என்று பார்க்கும் சோதனை) பதில் தருகின்றன, ஆனால் பிஎம்எஸ் (கட்டடக் கருவிகளைக் கண்காணிக்கும் கணினி) பேக்நெட்டில், அதாவது இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையில், தேடும்போது வரவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி. வேலூர் வெயிலில் அந்த மாடிக்காரர்கள் பாவம்.

பிபிஎம்டி (எல்லாருக்குமான அழைப்பை வேறு நெட்வொர்க்குக்குக் கடத்தும் ஏற்பாடு) தேவைப்படவில்லை, எல்லாம் ஒரே நெட்வொர்க்தான். 'டிசிபிடம்ப்பில் (நெட்வொர்க்கில் போகும் தகவல்களைக் காட்டும் கருவி) பேக்நெட்டின் யூடிபி 47808 போர்ட்டை மட்டும் பாருங்கள்' என்ற யோசனைதான் வேலை செய்தது. கணினியின் ஹூ-ஈஸ் ('யார் இருக்கிறீர்கள்?' என்ற பொது அழைப்பு) 192.168.10.255க்குப் போனது. மூன்றாம் மாடியிலிருந்து பதிலே இல்லை. ஆனால் ஒரு கண்ட்ரோலரை அணைத்துப் போட்டதும் அதன் ஐ-ஆம் ('நான் இருக்கிறேன்' என்ற அறிவிப்பு) 192.168.11.255க்குப் போனது. அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. மற்ற எல்லாவற்றிலும் சப்நெட் மாஸ்க் (நெட்வொர்க்கின் எல்லையைச் சொல்லும் எண்) 255.255.255.0, நிறுவியவர்கள் அந்த மாடியில் மட்டும் 255.255.254.0 போட்டிருந்தார்கள். அதனால் பிராட்காஸ்ட் முகவரியே (எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடும் முகவரி) வேறாகி, ஒருவர் கூப்பிடுவது மற்றவருக்கு எட்டவில்லை. பிங் நேராக ஒரே முகவரிக்குப் போவதால் அது மட்டும் ஓடியது. முகவரி கொடுத்து ரீட் ப்ராப்பர்ட்டி (ஒரு மதிப்பைக் கேட்கும் பேக்நெட் கோரிக்கை) அனுப்பியபோதும் ஒழுங்காகப் பதில் வந்தது.

மாஸ்க்கைத் திருத்தி ரீஸ்டார்ட் செய்ததும் கண்ட்ரோலர்கள் வந்துவிட்டன.

எதிர்பாராதது அப்புறம்தான். பட்டியலில் ஒன்று குறைந்தது. ஹூ-ஈஸ் மறுபடி அனுப்பிப் பார்த்தால், இரண்டு ஐபி முகவரிகளிலிருந்து ஒரே டிவைஸ் இன்ஸ்டன்ஸ் எண் (பேக்நெட்டில் கருவியின் அடையாள எண்). பிஎம்எஸ் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டது. 0 முதல் 4194302 வரை எந்த எண்ணும் வைக்கலாம், ஆனால் நெட்வொர்க் முழுதும் அது ஒன்றுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். ஒன்றை மாற்றினேன், சரியாகிவிட்டது.