பொங்கல் பானையின் கழுத்து காணாமல் போன கதை

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை வாங்கித் தபாலில் போட்ட வயசு எனக்கு. இப்போது கடைகளில் அது கண்ணில் படுவதே அபூர்வம். சரி, நாமே செய்வோம் என்று போன மார்கழியில் உட்கார்ந்தேன். சொந்தக்காரர்களுக்கு 40 அட்டை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கெட்டித் தாளை இரண்டாக மடித்து, முகப்பில் வெண்பட்டுத் துண்டு ஒட்டி, அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தில் ஒரு பானை. மனசுக்குள் செய்யும்போது சுலபமாகத்தான் இருந்தது.

துண்டுக்குப் பஞ்சமில்லை. வீடு ஏற்காட்டில். சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் அம்மாப்பேட்டையில் தெரிந்த தறி வீடு ஒன்றில் எட்டிப் பார்ப்பேன், மிச்சம் விழுந்ததில் சாண் சாணாகக் கொடுப்பார்கள். புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டில் பழகும் யோகம் எத்தனை பேருக்கு?

தூரிகையை வைத்ததுதான் தாமதம், சிவப்பு வண்ணம் துணியின் நூல் வழியே மேலும் கீழும் ஓடியது. பானைக்குக் கழுத்தே இல்லை, பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தது. தண்ணீரைக் குறைத்தேன். ஓடவில்லை, ஆனால் தூரிகை இழுபடாமல் திட்டுத் திட்டாக நின்றது. ஆறேழு துண்டு பாழ்.

அவற்றை எடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டைக்கே போனேன். தறி வீட்டு ஆயா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கஞ்சி போட்டியா கண்ணு?"

"கஞ்சியா? இல்லீங்க ஆயா."

"வெறுந்துணி தாகமா இருக்கும். பெயிண்டைக் குடிக்காம என்ன செய்யும்? முதல்ல கஞ்சியைக் குடிக்க வை."

அந்தக் காலத்தில் தறியில் ஏற்றும் பருத்திப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்ட கை அது. ஒரு ஸ்பூன் ஜவ்வரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், கண்ணாடி மாதிரி ஆகும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியதும் துணியை முக்கி எடுத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போடச் சொன்னார். இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கஞ்சி அடைத்துவிடுகிறது, வண்ணம் போட்ட இடத்திலேயே நிற்கிறது. ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரிக்கு அதன் அருமையை இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்ததுதான் வெட்கம்.

அடுத்த பானைக்குக் கழுத்து, விளிம்பு, மஞ்சள் கொத்து எல்லாம் வந்தது. பொங்கி வழியும் நுரைகூட.

அப்புறம் பனிமூட்டம் வேலையைக் காட்டியது. அக்ரிலிக்கில் உள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது காயும். 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி ஈரத்தில், அந்தத் தண்ணீர் எங்கே போகும்? தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நம்பி 12 அட்டையை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் பையைத் திறந்தால் எல்லாம் ஒரே செங்கல். பிய்த்ததில் அத்தைக்குப் போக வேண்டிய பானை பாதி, மாமா அட்டையின் முதுகில். இப்போதெல்லாம் மூன்று நாள் காயவிட்டு, நடுவில் பட்டர் பேப்பர் வைக்காமல் அடுக்குவதில்லை.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

* * *

அக்கா, நான் சேலம் குகைப் பகுதிக்காரன். எனக்கு வண்ணம் படுத்தவில்லை, ஓரம்தான் படுத்தியது. வெட்டிய பக்கமெல்லாம் நூல் பிரிந்து தாடி மாதிரி தொங்கியது. எங்கள் தெரு டெய்லர் அண்ணன் பார்த்துவிட்டு, சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டு கேன்வாஸைத் துணியின் பின்னால் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டச் சொன்னார். அதுவும் நேராக வேண்டாம், கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக. பசை ஊறி முகப்பில் கறை விழுவதும் இதில் நின்றது. கஞ்சி விஷயம் எனக்குப் புதுசு.

* * *

தம்பி, கேன்வாஸ் நல்ல யோசனை. ஆனால் ஜரிகைக் கரை உள்ள துண்டை எப்படிக் கிராஸாக வெட்டுவது?

* * *

கரையில் கத்தரி வைக்காதீங்க அக்கா. நெய்த ஓரம் பிரியாது. அதை அப்படியே அட்டையின் அடிப்பக்கமாக வைத்து, மற்ற மூன்று பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். பானைக்குக் கீழே கோலம் போட்ட மாதிரி இருக்கும்.