படத்துல பொண்ணு நெத்தி, மூக்கு வெளுத்து பர்ன் ஆயிடுச்சு, நாளைக்கு ஆல்பம் போகணும்

ஆம்பூர்_லைட்: ரத்னகிரி கோயில்ல எடுத்த கல்யாணப் படம், உச்சி வெயில். நெத்தியும் மூக்கும் வெள்ளை. ஹைலைட்ஸ் -100 வச்சா சாம்பலாத்தான் வருது. சீக்கிரம் சொல்லுங்க.

குடியாத்தம்_ஆல்பம்: கேமராவோட ரா ஃபைலா, சுருக்கின ஜேபெக்கா? எந்த சாஃப்ட்வேர்? அது தெரியாம இன்னா சொல்றது தம்பி?

காட்பாடி_லென்ஸ்: ஃப்ரீக்வன்சி செபரேஷன் போடுங்க. ஸ்கின் பிரச்சனை எதுவா இருந்தாலும் அதுதான்.

டார்க்ரூம்_பழசு: அது இருக்கிற டெக்ஸ்சரையும் கலரையும் பிரிக்கும், அவ்ளோதான். 255-ல, அதாவது வெளிச்சத்தோட உச்ச நம்பர்ல, முட்டின இடத்துல பிரிக்க என்ன இருக்கு? அடிப்படை படிச்சிட்டு பதில் போடுங்க.

ஆம்பூர்_லைட்: ஜேபெக், போட்டோஷாப்.

குடியாத்தம்_ஆல்பம்: எஃப் 8 அமுக்கி இன்ஃபோ பேனல் திற. கர்சரை நெத்தி மேல வச்சு ஆர், ஜி, பி (ரெட், கிரீன், புளூ) மூணு நம்பரும் பாரு. தோல்ல ரெட் தான் முதல்ல முட்டும், கிரீன்ல விவரம் பொழைச்சிருக்கும். அப்படி இருந்தா சேனல் மிக்சர் லேயர் போட்டு, அவுட்புட் ரெட்ல ரெட் 70, கிரீன் 30. பிளெண்ட் மோடு லூமினாசிட்டி. லேயர் மாஸ்க்கை கருப்பாக்கி மறைச்சிட்டு, நெத்தி மேல மட்டும் வெள்ளை பிரஷ்.
மூணும் 255-னா மீட்க எதுவும் இல்ல, வரையத்தான் வேணும். கர்வ்ஸ்ல வெள்ளை முனையை 235-க்கு இறக்கு. புது லேயர், மல்டிப்ளை, கன்னத்துக் கலர் எடுத்து சாஃப்ட் பிரஷ், ஃப்ளோ 5. ஓரத்துலேருந்து உள்ள வா. நடுவுல கொஞ்சம் மினுக்கு விடு, இல்லன்னா மூக்கு தட்டையாயிடும்.

வாலாஜா_ஃபிரேம்: பொண்ணு சிவப்பா தெரியணும்னு வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, ஏத்தி எடுக்குறாங்களே, அதான் காரணம்.

காட்பாடி_லென்ஸ்: கஸ்டமரே கேக்குறாங்க சார்.

டார்க்ரூம்_பழசு: ஸ்பாட் மீட்டரை (சின்ன இடத்துல மட்டும் வெளிச்சம் அளக்குறது) கருத்த முகத்துல வச்சாலே கேமரா அதை நடுச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைத் தானா ஏத்தும். அதுக்கு மேல நீங்க வேற ஏத்தினா? இருக்கிற நிறத்தை அப்படியே எடுக்குறதுதான் வேலை.

வாலாஜா_ஃபிரேம்: சரியா சொன்னீங்க. கருப்பா இருக்கிறது குறை இல்ல, அதைத் திருத்தவும் கூடாது.

காட்பாடி_லென்ஸ்: ஆல்பத்தைத் திருப்பி அனுப்பினா யார் பதில் சொல்றது?

ஆம்பூர்_லைட்: நெத்தி 255, 214, 181. மிக்சர்ல வந்துடுச்சு அண்ணா. மூக்கு நுனி மூணும் 255, வரைஞ்சேன், பிளாஸ்டிக் மாதிரி இருக்கு.

குடியாத்தம்_ஆல்பம்: கிரெயின் (படத்துல இருக்கிற பொடிப் புள்ளி) இல்ல, அதான். 50% சாம்பல் லேயர், ஓவர்லே, ஆட் நாய்ஸ் 2, மோனோகுரோமேட்டிக் டிக் போடு. மூக்குக்கு மட்டும் மாஸ்க். 100% ஜூம்ல கன்னத்தோட ஒத்துப் பாரு.

ஆம்பூர்_லைட்: ஒத்துது. லேபுக்கு அனுப்பிட்டேன்.