எக்ஸ்டியில் பத்தா, இருபதா?

வேலந்தாவளத்தான்:
பல்கலைக்கழகப் பழைய மாணவர் மலரில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "1987இல் பிசி-எக்ஸ்டி என்ற மேசைக் கணினி வந்த பிறகுதான் இங்கே கணினி என்ற ஒன்றே பிறந்தது. அதில் 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது." அதற்கு முன் நாங்கள் என்ன, கிளி ஜோசியமா பார்த்துக்கொண்டிருந்தோம்? சென்னை ஐஐடியில் 1973இலேயே ஐபிஎம் 370 என்ற பெருங்கணினி ஓடியது. எங்களுக்கு அவ்வளவு கொடுப்பினை இல்லை. நிரலைத் துளைகளாகப் பதித்த துளை அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய், அங்கிருந்த கணினியில் ஓட்டி வாங்கி வருவேன். கட்டின் விளிம்பில் பேனாவால் ஒரு சாய்கோடு இழுத்து வைப்போம். அட்டைகள் கலைந்தால் அந்தக் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். வாளையாறு செக்போஸ்டில் கடத்தல் அரிசி தேடியவர் ஒருமுறை என் பையைப் பிரித்து, அட்டைகளைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டார். நான் கோடு இழுக்க மறந்த ஒரே நாள் அதுதான்.

பழைய ஆபரேட்டர்:
அட்டைக் கதை கிடக்கட்டும். 20 என்று அச்சிலேயே புளுகியிருக்கிறார், அதைக் கேட்க ஆளில்லையா? எக்ஸ்டியில் 10தான். 1983இல் ஐபிஎம் வெளியிட்டபோது 10. அடுத்த ஆண்டு வந்த ஏடி என்ற மாடலில்தான் 20. நம் கணினி அறைச் சாவியை ஒன்பது வருடம் இடுப்பில் செருகியிருந்தவன் சொல்கிறேன்.

மலரில் எழுதியவன்:
ஐபிஎம் 1978இலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது, ஐயா. நம் அறைக்கு வந்தது இங்கேயே பூட்டிய எக்ஸ்டி வகை இயந்திரம். உள்ளே சீகேட் எஸ்டி-225 ஹார்ட் டிஸ்க். அது 20. மூடியைத் திறந்து பார்த்தவன் நான்.

பழைய ஆபரேட்டர்:
யாரைக் கேட்டுத் திறந்தீர்கள்? சரி, கணக்குக்கு வாருங்கள். சனிக்கிழமைதோறும் பேக்கப் எடுத்தவன் நான். ஒரு பிளாப்பியில், அதாவது கழற்றி எடுக்கும் நெகிழ்வட்டில், 360 கிலோபைட். பத்து மெகாபைட்டுக்கு 29 பிளாப்பி, இருபதுக்கு 57. என் பெட்டியில் 29தான் இருந்தன. முடிந்தது வழக்கு.

மலரில் எழுதியவன்:
டிஸ்க் பாதி காலியாக இருந்தாலும் 29தான் வரும்.

பழைய ஆபரேட்டர்:
காலியாகவா? தேர்வு முடிவுகள், விடுதிக் கணக்கு, துணைவேந்தர் அலுவலகக் கடிதங்கள் எல்லாம் எங்கே இருந்தன, உங்கள் சட்டைப் பையிலா? 10.

சித்தூர் மாஷ்:
முதலில் கணினி வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம்? அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1964இலேயே ஒரே கணினியைப் பல மாணவர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். பேசிக் என்ற நிரல் மொழி பிறந்ததே அதற்காகத்தான். டிரெக்சல் பல்கலைக்கழகம் 1983இல் சேர்ந்த புது மாணவர்கள் எல்லோருக்கும் சொந்தக் கணினி வேண்டும் என்றது. 1984இல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிகள் அவர்கள் கைக்கு வந்தன. எத்தனை மாணவர் விசைப்பலகையைத் தொட்டார்கள் என்பதல்லவா கேள்வி?

பழைய ஆபரேட்டர்:
மாஷே, டார்ட்மத்துக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் விட்டிருக்கிறார்களா? பத்தா, இருபதா? அதைச் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரத்தாள்:
எத்தனை மாணவர் தொட்டார்கள் என்று நான் சொல்கிறேன். எனக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சாவிக்கார அண்ணா வெற்றிலை போட்டு முடிக்கும்வரை நிற்க வேண்டும். அதிலேயே இருபது நிமிடம் போய்விடும். என் பிளாப்பியின் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூடி வைத்திருந்தேன், யாரும் எதையும் எழுதக் கூடாது என்று. அதைப் பிய்த்து யாரோ பயன்படுத்தினார்கள். மறுவாரம் பிளாப்பியின் பெயரே பிரெயின் என்று மாறியிருந்தது. வைரஸ்! ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களை அதன் பிறகு நம்பித் திறக்கவே முடியவில்லை.

பழைய ஆபரேட்டர்:
அம்மணி, வைரஸ் வந்தது நீங்கள் கோவையிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பிளாப்பியில். அந்த அறையில் நான் வெற்றிலை போட்டதே கிடையாது.

வேலந்தாவளத்தான்:
போட்டீர்கள். ஜன்னல் கம்பியில் சுண்ணாம்பு தடவியதை என் கண்ணால் பார்த்தேன்.

பழைய ஆபரேட்டர்:
பஸ்ஸில் அட்டையைச் சிந்தியவர் சாட்சி சொல்ல வந்துவிட்டார். ஆழியாற்றுத் தண்ணீர்க் கூட்டத்திலும் இவர் இப்படித்தான், பார்க்காத மதகுக்கெல்லாம் அளவு சொல்வார்.

வேலந்தாவளத்தான்:
தண்ணீரை இழுக்க வேண்டாம். அந்த மதகை அளந்தது என் மைத்துனன்.

சித்தூர் மாஷ்:
நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

பழைய ஆபரேட்டர்:
இருக்கட்டும். பரணிலிருந்து பிளாப்பிப் பெட்டியை இறக்கி, என் பேரனை வைத்து எண்ணச் சொன்னேன். 31.

மலரில் எழுதியவன்:
29 என்றீர்களே?

பழைய ஆபரேட்டர்:
இரண்டு உபரி. பழுதானால் மாற்றுவதற்கு. 10.

மீனாட்சிபுரத்தாள்:
அந்த இரண்டில் ஒன்றில் பச்சை மையால் என் பெயர் எழுதியிருக்கிறதா, பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள்.