சாவோ ஜோசே: அடிமைக் கப்பல் என்று எதை வைத்து உறுதி செய்தார்கள்?

கேள்வி (ஆழிமணல்):
1794 டிசம்பர் 27 அன்று கேப் டவுனின் கிளிஃப்டன் கரையருகே பாறையில் மோதி உடைந்த போர்த்துகீசியக் கப்பல் இது. 1980களில் புதையல் தேடியவர்கள் இதைப் பழைய டச்சுக் கப்பல் என்று சொல்லிவிட்டார்கள். அது தவறு என்று எப்படித் தெரிந்தது? அதில் அடிமைகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு இதில் உண்மையிலேயே வேலை உண்டா, அல்லது சடங்குக்கு மட்டும்தான் அழைப்பா?

பதில் (ஓலைச்சுவடி):
முதல் துப்பு செம்பு. அடிப்பாகத்தில் செம்புத் தகடும் செம்பு ஆணிகளும் இருந்தன. புதையல் தேடியவர்கள் சொன்ன காலத்து டச்சுக் கப்பலுக்கு அது பொருந்தாது. அடுத்தது கேப் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த கேப்டனின் வாக்குமூலம். ஏற்றி வந்த 500க்கும் மேற்பட்ட மொசாம்பிக் மக்களில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்களை மறுபடி விற்றார்கள்.

லிஸ்பன் ஆவணம்தான் முடிச்சை அவிழ்த்தது. சுமார் 1,500 இரும்புக் கட்டைகளை ஏற்றியதாக அதில் பதிவு இருக்கிறது. கப்பல் சாயாமல் நிலையாக மிதக்க அடியில் பாரம் வேண்டும். சரக்குக் கப்பலுக்குச் சரக்கே பாரம். மனிதர்களை ஏற்றினால் எடை போதாது, குடிநீரும் உணவும் தீரத் தீரக் கப்பல் இன்னும் லேசாகும். அதனால் அடியில் இரும்பு போடுவார்கள். அதே மாதிரிக் கட்டைகள் கடலடியிலும் கிடைத்தன. ஏடு மட்டும் இருந்தாலும் இரும்பு மட்டும் இருந்தாலும் நிரூபணம் ஆகாது. வாக்குமூலத்தையும் அப்படியே நம்பக் கூடாது. கேப்டன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிற பேச்சு அது.

பதில் (உப்புநீர்):
அடிமைகளைப் பூட்டிய இரும்பு விலங்குகள் அப்படியே கண்ணில் படாது. துருவும் மணலும் சேர்ந்து கல்லாக இறுகிய கட்டிக்குள் இருக்கும். உடைக்காமல் எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். பல நேரம் இரும்பு முழுவதும் கரைந்து உள்ளே வெற்றிடம்தான் மிஞ்சும். அதில் எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றி வடிவத்தை வார்த்தெடுப்பார்கள். இரும்பு மிஞ்சியிருந்தால் 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இரும்பில் ஏறிய கடல் உப்பின் குளோரைடு வெளியேறும்வரை கரைசலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாதங்கள் ஆகும், வருடங்களும் ஆகலாம். இடையில் காய விட்டால் உள்ளே இருக்கும் உப்பு புதுத் துருவைக் கிளப்பும், மேற்பரப்பு அடுக்கடுக்காக உரியும். ஆய்வுக்கூடத்தில் தொட்டியும் ஆளும் தயாராக இல்லையென்றால் பொருளைக் கடலிலேயே விடுவது நல்லது. கிளிஃப்டனில் இன்னொரு தொல்லை: அலை ஓயாது, தோண்டிய குழியை மணல் உடனே மூடிவிடும்.

பதில் (கரைமேடு):
வழித்தோன்றல்கள் பற்றி. மொசாம்பிக் பக்கம் மக்குவா சமூகத்தோடு பேசியாயிற்று. அவர்கள் கொடுத்த மண்ணை 2015 ஜூனில் மூழ்காளர்கள் கப்பல் உடைந்த இடத்தில் தூவினார்கள். கேப் பக்கம் சிக்கல் அதிகம். விற்கப்பட்டவர்களின் பெயரையே முதலாளிகள் மாற்றினார்கள், மாதப் பெயர் வைப்பதும் வழக்கம். இன்றைய ஒரு குடும்பத்தை இந்தக் கப்பலோடு நேராக இணைப்பது கடினம். அமெரிக்காவின் அலபாமாவுக்கு வந்த க்ளோடில்டா என்ற அடிமைக் கப்பலின் நிலைமை வேறு: 1860இல் அதில் வந்தவர்கள் நிறுவிய ஆஃப்ரிக்காடவுனில் அவர்கள் சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள்.

சடங்கைவிட முக்கியம், தோண்டும் முன்பே சமூகத்தோடு பேசி எழுத்தில் முடிவு செய்ய வேண்டியவை: எலும்பு கிடைத்தால் யார் சொல்கேட்டு நடப்பது, பொருள்கள் எந்த நாட்டில் இருக்கும், செய்தியாளர்களுக்கு முன் யாருக்குத் தகவல் போகும். பொருள் மேலே வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் அருங்காட்சியகம் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும்.