மதிய உணவு நலப் பேச்சு: கோவையில் ஹாலும் பேச்சாளரும் தேவை

வணக்கம். ஆடிட்டர் ஆபீஸ், வங்கி, ஐடி ஊழியர்களுக்கு மாதம் ஒரு மதிய உணவுப் பேச்சு நடத்துகிறோம். 40 பேர், 12.50 முதல் 1.50 வரை.

முதல் தேவை, பீளமேடு பக்கம் ஒரு ஹால். பஃபே வேண்டாம். 40 பேர் ஒரே வரிசையில் நின்றால் 20 நிமிடம் அதிலேயே போய்விடும். சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல், முன்கூட்டியே மேசையில் இருந்தால் 1.05-க்குப் பேச்சைத் தொடங்கலாம். 25 நிமிடம் பேச்சு, 15 நிமிடம் கேள்வி. (பிரியாணி போட்டால் கூட்டம் வரும், கூடவே தூக்கமும் வரும்.)

அடுத்து பேச்சாளர்கள். கழுத்து, முதுகு வலிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்துகாட்டும் பிசியோதெரபிஸ்ட். மன அழுத்தத்துக்கு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற உளவியலாளர். கடைசி ஸ்லைடில் சத்து மாவோ இன்சூரன்ஸோ விற்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி நேரம்தான் பெரும்பாலும் சொதப்பும். மேனேஜர் பக்கத்து மேசையில் இருக்கும்போது "எனக்குத் தூக்கமே வரவில்லை" என்று யார் கை தூக்குவார்கள்? அதனால் தட்டோடு ஒரு வெற்றுச் சீட்டு வைப்போம். கேள்வி இல்லாதவர்களும் "இல்லை" என்று எழுதி மடித்துப் போட வேண்டும். அப்போதுதான் எழுதியவர் யார் என்று தெரியாது. சீட்டின் கிழித்துக்கொள்ளும் பாதியில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கும். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

சீட்டுகளைப் பிரித்து, பெயர் இருந்தால் அடித்துவிட்டு, பேச்சாளரிடம் தர இரண்டு தன்னார்வலர்களும் வேண்டும். பேச்சுக்கு வருபவர்களின் ஆபீஸைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஹால் தெரிந்தவர்கள் வாடகை, பார்க்கிங், வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கமெண்டில் போடுங்கள்.